மருந்துக்கடையில் விலைப்பட்டியலைக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி: ஐயா, என் அப்பா ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் மூவாயிரத்துக்குக் குறையாமல் ஆகிறது. போன மாதம் ஒரே சீட்டை எடுத்துக்கொண்டு மூன்று மெடிக்கலுக்குப் போனேன். முதல் கடையில் அட்டையில் போட்டிருக்கும் விலைதான், பைசா குறைக்கவில்லை. இரண்டாவது கடையில் 20 சதவீதம் தள்ளுபடி. மூன்றாவதில் "அதே மருந்துதாம்மா, வேற கம்பெனி" என்று பாதி விலைக்குத் தந்தார்கள். முதல் கடைக்காரரிடம் இதைச் சொன்னால், மாற்றிக் கொடுப்பது சட்டப்படி தப்பு என்கிறார். 15 மாத்திரை உள்ள அட்டையில் 6 மட்டும் கேட்டால் முழு அட்டையாக வாங்கச் சொல்கிறார்கள். ஜிஎஸ்டி குறைந்த பிறகும் "பழைய ஸ்டாக்" என்று பழைய விலையையே ஒரு கடையில் வாங்கினார்கள். பில் கேட்டால் 5 சதவீதம் கூடும் என்றும் சொன்னார்கள். டீக்கடையில்கூட விலைப்பலகை தொங்குகிறது. மருந்துக்கடையில் விலையை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டமே கிடையாதா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சட்டம் இருக்கிறது அம்மா. நேற்று வந்ததும் இல்லை. 1962-ல் சீனப் போர் சமயத்தில் மத்திய அரசு மருந்து விலையில் முதன்முதலாகத் தலையிட்டபோது போட்ட உத்தரவே மருந்து விலையைக் காட்சிக்கு வைக்கச் சொல்லும் உத்தரவுதான். விலையைக் கட்டுப்படுத்தும் உத்தரவு அதற்கு அடுத்த வருடம், 1963-ல் வந்தது. குறைத்து விற்கச் சொல்வதற்கு முன்னாலேயே எழுதி வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2013-ம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. 1955-ம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் போடப்பட்டது. அதன் 24, 25-ம் பத்திகள் உங்கள் கேள்விக்கு நேரான பதில். கம்பெனி ஒவ்வொரு அட்டையிலும், பாட்டிலிலும் எல்லா வரியும் உள்பட அதிகபட்ச சில்லறை விலையை அழியாதபடி அச்சடிக்க வேண்டும். அதோடு ஒரு விலைப்பட்டியலும் வெளியிட வேண்டும். கடைக்காரர் அந்தப் பட்டியலைக் கடையில் கண்ணில் படும் இடத்தில், பார்க்க நினைக்கும் எவரும் எளிதாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அரசு விலை நிர்ணயித்த மருந்துக்கும் இதுதான், நிர்ணயிக்காத மருந்துக்கும் இதுதான்.

சரி, நான் வைத்திருந்தேனா என்று கேட்பீர்கள். 27 வருடமாகக் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்பவன் நான். எங்கள் கடையில் அந்தப் பட்டியல்கள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிய கொக்கிக் கம்பியில் குத்தப்பட்டிருக்கும். மேலே உள்ள தாள் மட்டும் வெயிலில் மஞ்சளாகி, அடியில் உள்ளவை மடங்கிப்போய்க் கிடக்கும். மருந்து ஆய்வாளர் வந்தால் கையை நீட்டிக் காட்டலாம், வாடிக்கையாளருக்கு எட்டாது. இப்போது தாளும் குறைந்துவிட்டது. கடைக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி, அதாவது ஸ்டாக்கிஸ்ட், வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்புகிறார், அது போனிலேயே கிடக்கிறது.

இத்தனை வருடத்தில் அந்தப் பட்டியலைக் காட்டச் சொன்னவர் ஒரே ஒருவர். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, தன் பிரஷர் மாத்திரையின் வரியைத் தேடி விரலை வைத்தார். அப்புறம் நான் கொடுத்த அட்டையைத் திருப்பினார். பட்டியலில் இருந்த விலை அட்டையில் இருந்ததைவிட மூன்று ரூபாய் சொச்சம் குறைவு. அரசு உச்சவிலையைக் குறைத்துப் புதுப் பட்டியல் வந்திருந்தது, என்னிடம் இருந்த அட்டை அதற்கு முன்னால் அச்சானது. நான் கவனிக்கவே இல்லை. அசடு வழிந்துகொண்டு சில்லறையைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதமும் வந்து பட்டியலைக் கேட்டார்.

வாத்தியார் தெரிந்து கேட்டாரோ, கணக்குப் புத்தியில் கேட்டாரோ, அவர் பிடித்தது 26-ம் பத்தி. அட்டையில் அச்சடித்த விலை, நடப்புப் பட்டியலில் உள்ள விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் நுகர்வோரிடம் வாங்கக் கூடாது. அட்டையில் போட்டிருக்கிறது என்பது மட்டும் பதில் ஆகாது.

உங்கள் ஜிஎஸ்டி கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. அப்போது தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கம்பெனிகளுக்குச் சொன்னது இது: விலையைக் குறைத்துப் புதுப் பட்டியல் அனுப்புங்கள், கடை மட்டத்தில் புது விலை நடைமுறைக்கு வருவதை உறுதி செய்ய முடிந்தால் ஏற்கெனவே சந்தைக்குப் போன அட்டைகளைத் திரும்ப வாங்கி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதில்லை. அதனால்தான் பழைய விலை அச்சான அட்டைகள் பல மாதம் கடைகளில் இருந்தன. அட்டை பழையதாக இருக்கலாம், விலை பழையதாக இருக்கக் கூடாது. 12 சதவீத வரியோடு 112 ரூபாய் போட்டிருந்த அட்டை 105-க்கு வந்திருக்க வேண்டும். முன்பே 5 சதவீதத்தில் இருந்த சில மருந்துகளுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. மற்றதற்கு "பழைய ஸ்டாக்" என்று சொல்லிப் பழைய விலை வாங்கியிருந்தால் தப்பு. உங்களிடம் பில் இருக்கிறதா? இருந்தால் தொலைத்துவிடாதீர்கள்.

அடுத்து, மூன்று கடையில் மூன்று விலை. இங்கேதான் சட்டம் பாதியில் நின்றுவிடுகிறது என்பது என் கருத்து. அட்டையில் இருப்பது உச்சவரம்பு, அதற்குக் கீழே என்ன விலைக்கும் விற்கலாம். உச்சம் எது என்று பட்டியல் சொல்லும். கடைக்கு என்ன விலைக்கு வந்தது, கம்பெனிக்கு எவ்வளவு அடக்கமானது என்று எந்தத் தாளிலும் இருக்காது. 1995-ம் ஆண்டு ஆணையில் உற்பத்திச் செலவை வைத்து விலை போட்டார்கள். 2013-ல் அதை விட்டுவிட்டு, சந்தையில் குறைந்தது 1 சதவீதப் பங்கு உள்ள எல்லா பிராண்டுகளின் விலையையும் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து உச்சவிலை என்று வைத்தார்கள். விலை அதிகமான பிராண்டுகளும் அந்தச் சராசரிக்குள் வந்துவிடுவதால் உச்சவிலை கொஞ்சம் உயரத்திலேயே நிற்கும்.

அதுவும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டும்தான். 2022 பட்டியலில் 384 மருந்துகள். உங்கள் அப்பா சாப்பிடுகிற வகையில் மெட்ஃபார்மின், அம்லோடிபின், டெல்மிசார்டன், அடோர்வாஸ்டாடின் எல்லாம் அதில் வரும். இவற்றுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி விலையை மாற்றிக்கொள்ளலாம். 2023-ல் அது 12 சதவீதத்துக்கு மேல் போனது, 2024-ல் 0.00551 சதவீதம். அந்த வருடமும் "மருந்து விலை உயர்வு" என்று பதறியவர்கள் உண்டு, என்னிடமே வந்து முன்கூட்டி இரண்டு மாத மாத்திரை வாங்கிப் போனார்கள். அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கம்பெனி வைத்ததுதான் முதல் விலை. அதன்பின் 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். வருடா வருடம் அந்தப் பத்தையும் ஏற்றினால் எட்டு வருடத்துக்குள் விலை இரட்டிப்பாகிவிடும், சட்டத்தை மீறாமலேயே.

இப்போது உங்கள் முதல் கடைக்காரர். அவரைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு 100 ரூபாய்க்கு வரும் விலைக் கட்டுப்பாட்டு மருந்தில் 16 ரூபாய் அவருக்கு. 5 சதவீத வரியும் சேர்ந்து அட்டையில் 121 ரூபாய் 80 காசு. அதில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 97 ரூபாய் சொச்சம்தான் கைக்கு வரும், அதற்குள் வரியும் அடங்கியிருக்கிறது. சின்னக் கடைக்கு இது கட்டுப்படியாகாது. பெரிய கடைகள் மொத்தமாக எடுத்து, "பத்துக்கு ஒன்று" (பத்து வாங்கினால் ஒன்று இலவசம்) மாதிரி ஆஃபரில் வாங்கிச் சமாளிப்பார்கள். இன்னொரு வழியும் உண்டு. அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத மருந்தில் மார்ஜின் அதிகம், அதில் வருவதைக் கொண்டு இதை ஈடுகட்டுவது.

மூன்றாவது கடையில் நடந்தது வேறு. சில வருடம் முன்னால் ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி (ரெப்) எங்கள் கடைக்கு வந்து வயிற்று எரிச்சல் கேப்சூல் அட்டை ஒன்றை மேசையில் வைத்தார். அச்சடித்த விலை 98 ரூபாய். "உங்களுக்கு 14 ரூபாய் சார், 50-க்குக் கொடுங்க, கஸ்டமர் கும்பிட்டுட்டு வாங்கிட்டுப் போவாங்க" என்றார். டாக்டர் எழுதாத, கடையை நம்பியே விற்கிற சரக்கு இது. மருந்து நல்லதாகவே இருக்கலாம். ஆனால் பாதி விலை என்று நீங்கள் சந்தோஷப்படும்போது மீதிப் பாதியில் பெரும்பகுதி யார் கையில் நிற்கிறது என்று அந்த அட்டை சொல்லாது. இதில் சட்ட மீறல் ஏதாவது உண்டா என்றால், விலையைப் பொறுத்தவரை இல்லை. உச்சத்துக்குக் கீழேதானே விற்றார்.

மாற்றிக் கொடுத்த விஷயத்தில் உண்டு. முதல் கடைக்காரர் சொன்னது சரிதான். 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-வது விதி, சீட்டில் எழுதிய மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கக் கூடாது என்கிறது, உள்ளே இருப்பது அதே மூலப்பொருளாக இருந்தாலும். டாக்டர் பிராண்ட் பெயர் எழுதினால் அந்த பிராண்ட்தான். மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயரை, மட்டும் எழுதினால் எந்தக் கம்பெனியுடையதையும் கொடுக்கலாம், நீங்களும் விலை கேட்டு எடுக்கலாம். ஆகவே விலையைத் தீர்மானிக்கும் இடம் என் கவுண்டர் இல்லை, டாக்டரின் பேனா முனை. டாக்டர்கள் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கண்டிப்பாக ஒரு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைத்தது.

அப்பாவின் சீட்டில் சிட்டாகிளிப்டின் சேர்ந்த மாத்திரை இருக்கிறதா பாருங்கள். அதன் காப்புரிமை 2022 ஜூலையில் முடிந்தது. உடனே நிறைய கம்பெனிகள் இறங்கி, விலை நன்றாக விழுந்தது. ஆனால் அதற்கு முன் எழுதிய சீட்டையே ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பிராண்டையே வருடக்கணக்கில் வாங்குகிறவர்களை வாரத்துக்கு நாலு பேர் பார்க்கிறேன். "எனக்கு இதன் மூலப்பெயரை எழுதிக் கொடுங்கள் டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. தைராய்டு, வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், இவற்றில் கம்பெனியை மாற்றுவதானால் டாக்டரிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். ஐந்து பத்து ரூபாய்க்கு ஆசைப்பட்டு அளவு தடுமாறினால் செலவு வேறெங்கோ போய் நிற்கும்.

அட்டையைக் கத்தரிக்கும் சண்டைக்கு வருகிறேன். அதே விலைக் கட்டுப்பாட்டு ஆணையின் 27-ம் பத்தி, உதிரியாக விற்கும்போது விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. 15 மாத்திரை 112 ரூபாய் 50 காசு என்றால் 6 மாத்திரைக்கு 45 ரூபாய்தான் உச்சம். "லூஸா வாங்கினா ரேட் வேற" என்ற பேச்சுக்கு இடமில்லை. கையில் இருக்கும் மருந்தை வாங்க வருகிறவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்று 28-ம் பத்தியும் இருக்கிறது. ஆனாலும் பாதி அட்டைக்குக் கடைக்காரர் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. விலை, பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே இருக்கும். அந்த ஓரம் யாரிடம் போகிறதோ அவரிடம்தான் அடையாளம் இருக்கும். மீதித் துண்டு கடையிலேயே அநாதையாகத் தங்கும், ஸ்டாக்கிஸ்ட் திரும்ப எடுக்க மாட்டார். நான் செய்வது, எழுத்து இல்லாத முனையிலிருந்து கத்தரித்து, பேட்ச் எண்ணையும் தேதியையும் பில்லில் எழுதிக் கொடுப்பது. நீங்களும் அப்படிக் கேளுங்கள். அப்பாவுக்குத் தினமும் ஓடுகிற மாத்திரையை மட்டும் முழு அட்டையாக வாங்கிவிடுங்கள், அங்கே சண்டை வேண்டாம்.

அட்டையில் க்யூஆர் கோடு இருக்கிறதே, அதில் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் அது கட்டாயம். மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், தேதி எல்லாம் வரும். அதில் கட்டாயமாக இருக்க வேண்டிய விவரங்களில் விலை கிடையாது. விலைக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் ஃபார்மா சாஹி தாம் என்ற செயலி இருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள், ஆணையம் அறிவிக்கும் உச்சவிலை ஜிஎஸ்டி சேராதது, பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கு. 2 ரூபாய் என்று இருந்தால் பத்து மாத்திரைக்கு 20, வரியோடு 21. இதைத் தெரியாமல் கடையில் வந்து ஒரு ரூபாய்க்குச் சண்டை போட்டுவிட்டு, பிறகு முகம் கொடுக்க முடியாமல் தெரு மாற்றிப் போகிறவர் ஒருவர் எங்கள் ஏரியாவில் இருக்கிறார்.

புகார் செய்வதானால் உங்கள் மாவட்டத்தில் மருந்து ஆய்வாளர் இருக்கிறார், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆள். பில்லின் நகலும் அட்டையின் விலை தெரியும் படமும் போதும். ஆணையத்தின் கட்டணமில்லா எண் 1800 111 255, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். கம்பெனி கூடுதலாக விலை வைத்ததை ஆணையம் பிடித்தால் வட்டியோடு வசூலிக்கும், அந்தப் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும், மாத்திரை வாங்கியவருக்கு வராது. உங்கள் பணம் வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை. 7 ரூபாய்க்கு யார் போவார்கள் என்று கேட்காதீர்கள், நானும் போக மாட்டேன். ஆனால் ஆய்வாளருக்கு ஒரு புகார் போவதே அந்தத் தெருவில் இருக்கிற எல்லாக் கடையிலும் பட்டியல் ஆணிக்கு ஏறப் போதுமானது. அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் அப்பா என் அப்பாவாக இருந்தால் என்ன செய்வேன்? அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மூலப்பெயரில் சீட்டு வாங்குவேன். அதை எடுத்துக்கொண்டு முதல்வர் மருந்தகத்துக்கும் மக்கள் மருந்தகத்துக்கும் போய் ஒவ்வொரு மாத்திரைக்கும் விலை கேட்டு அதே தாளின் ஓரத்தில் எழுதுவேன். முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கியது. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருக்காது, அதனால் மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போக வேண்டும். அதற்கும் முன்னால், அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இலவசமாகக் கிடைக்கிறதே, அதைக் கேட்பேன். 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, பரிசோதித்து அனுப்பும் மருந்துகள் அவை. "கவர்மென்ட் மாத்திரை" என்று ஒதுக்குகிறார்கள். எங்கள் அம்மா ஆறு வருடமாக அம்லோடிபின் அங்கேதான் வாங்குகிறார், மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே இருந்துகொண்டு.

கடைசியாக, பில் கேட்டால் 5 சதவீதம் கூடும் என்று சொன்ன கடை. அட்டையைத் திருப்பி விலைக்குப் பக்கத்தில் பாருங்கள், எல்லா வரிகளும் உள்பட என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதற்கு மேல் சேர்க்க ஒரு பைசா வரி இல்லை. கடையின் பெயர், உரிம எண், மருந்தின் பெயர், அளவு எல்லாம் போட்ட பில்லைக் கொடுப்பது கடைக்காரரின் கடமை. தள்ளுபடியைக் கழித்த விலைக்கே பில் போடலாம், அதில் எந்தச் சிக்கலும் கிடையாது. வேண்டுமானால் வேறு கடைகளில் பில்லை விட்டுவிடுங்கள், அந்தக் கடையில் மட்டும் கேட்காமல் வராதீர்கள்.